ஜாங்கோ 4.2-இலிருந்து 5.2-க்கு: ஆதரவுக் காலம் முடியுமுன் செய்ய வேண்டியவை

பைதான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவின் 4.2 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஏப்ரலோடு முடியும் என்பது, அது 2023 ஏப்ரலில் வெளிவந்தபோதே அறிவிக்கப்பட்ட செய்திதான். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு ஆதரவு என்பது ஜாங்கோவின் வழக்கம். அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 5.2, 2025 ஏப்ரலில் வந்தது. ஆக, பழையதும் புதியதும் ஒருசேர ஆதரவில் இருக்கும் காலம் ஓர் ஆண்டு. எங்கள் குழு பராமரித்த இரண்டு செயலிகளை இந்த ஓராண்டு இடைவெளிக்குள் மாற்றுவதற்குத் திட்டம் வகுத்து, அதை நடத்தி முடித்த அனுபவத்தை, இதே வேலை முன்னால் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும் என்பதை நிர்வாகத்திடம் சரியாகச் சொல்வதே எங்களுக்கு முதல் வேலையாக இருந்தது. செயலி நின்றுவிடாது, ஏப்ரல் மாத இறுதியில் ஓடியது போலவே மே மாதத்திலும் ஓடும். இதை மறைத்துப் பயமுறுத்தினால், தேதி கடந்த பிறகும் ஒன்றும் நடக்காததைப் பார்த்து, அடுத்த முறை யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள். உண்மையான ஆபத்து வேறு. ஆதரவில் உள்ள பதிப்புகளில் ஒரு பாதுகாப்புக் குறை வெளியானால், அதன் விவரமும் திருத்தமும் ஒரே நாளில் எல்லோருக்கும் கிடைக்கும். காலம் கடந்த பதிப்பில் அந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்றுகூட ஜாங்கோ குழு பார்ப்பதில்லை. குறையின் விவரம் தாக்க நினைப்பவர் கையிலும் இருக்கும், அதற்கான மருந்து மட்டும் நம்மிடம் இருக்காது. அந்த நிலையில் செய்யப்படும் அவசர மேம்படுத்தலுக்கும் நிதானமாகச் செய்வதற்கும் உள்ள செலவு வேறுபாட்டை எடுத்துக் காட்டியபோதுதான், புதிய வசதி எதையும் தராத இந்த வேலைக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. பணம் கொடுத்துக் காலம் கடந்த பதிப்புகளுக்குத் திருத்தம் பெறும் ஏற்பாடுகளும் சந்தையில் உண்டு. எதிர்பாராமல் தாமதமானால் சில மாதங்களைத் தாண்டுவதற்கு அவை உதவலாம். தொடக்கத்திலேயே அவற்றை நம்பித் திட்டம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அடுத்தது தேதிக் கணக்கு. 2026 ஏப்ரல் என்ற ஒற்றைத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் கணக்குத் தப்பிவிடும். ஜாங்கோ தனியாக நிற்பதில்லை. கீழே பைதான், பக்கத்தில் தரவுத்தளம், மேலே நாம் சேர்த்துக்கொண்ட பேக்கேஜ்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. ஜாங்கோ 4.2 பைதான் 3.8 முதல் 3.12 வரை ஓடும், 5.2-க்குக் குறைந்தது 3.10 வேண்டும். எங்கள் செயலிகள் ஓடிக்கொண்டிருந்த பைதான் 3.9-இன் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. தரவுத்தளத்திலும் இதே கதைதான். 5.2-க்கு, நாங்கள் பயன்படுத்திய தரவுத்தளமான போஸ்ட்கிரஸின் 14-ஆம் பதிப்போ அதற்கு மேலோ தேவை. பெரிய செயலியின் தரவு 13-இல் இருந்தது, அதன் ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்தது. ஆகவே எங்களுக்கான உண்மையான கெடு, அறிவிக்கப்பட்ட தேதிக்கு ஏறத்தாழ அரையாண்டு முன்பே இருந்தது. கணக்கு முடிக்கும் காலங்களில் எந்தப் பெரிய மாற்றமும் கூடாது என்ற உள்விதி வேறு இருந்ததால், கையில் இருந்த மாதங்கள் இன்னும் குறைந்தன. இந்தத் தேதிகள் அனைத்தையும் ஒரே காலக்கோட்டில் வரைந்து வைத்த பிறகுதான் எதை முதலில் தொடுவது என்ற வரிசை தானாகவே புலப்பட்டது.

அந்த வரிசையை ஒரே விதி தீர்மானித்தது: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதையும் முடிந்தவரை 4.2-இல் இருந்துகொண்டே மாற்ற வேண்டும். 4.2-க்கு போஸ்ட்கிரஸ் 12-இலிருந்தே ஆதரவு இருப்பதால், ஜாங்கோவைத் தொடாமலே தரவுத்தளத்தை 16-க்கு உயர்த்தினோம். அது நிலைபெற்ற பிறகு, அதே 4.2-இன் மேல் பைதானை 3.12-க்குக் கொண்டுபோனோம். 3.10 போதுமே என்று குழுவில் சிலர் சொன்னார்கள். 3.10-இன் ஆயுள் 2026 அக்டோபர் வரைதான். 5.2-இன் ஆதரவோ 2028 ஏப்ரல் வரை நீள்கிறது. நடுவில் இன்னொரு பைதான் மாற்றம் வேண்டாம் என்றால், 2028 அக்டோபர் வரை ஆதரவுள்ள 3.12-தான் பொருத்தமாக இருந்தது. பைதான் மாற்றத்தில் எங்களுக்குத் தொல்லை கொடுத்தது, பைதானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய நூலகம். 3.12-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. பதிப்பு எண்களை ஒப்பிடுவதற்காக மட்டும் அதை அழைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய பேக்கேஜ், செயலியைத் தொடங்கவே விடாமல் நிறுத்தியது. இதுவும் ஜாங்கோ மாற்றமும் ஒரே நாளில் வந்திருந்தால், எது எதனால் என்று பிரித்தறிவதற்கே நேரம் போயிருக்கும்.

இனி, இந்த வேலையின் மையப் பகுதிக்கு வருகிறேன். ஜாங்கோவின் நீக்கக் கொள்கையை ஒருமுறை பொறுமையாகப் படித்தால், நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே அது வகுக்கப்பட்டது என்பது புரியும். 4.0, 4.1 பதிப்புகளில் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டவை 5.0-இல் நீக்கப்படும். 4.2-இல் அறிவிக்கப்பட்டவை 5.1-இல் நீக்கப்படும். 5.0-இலும் அதற்குப் பின்னரும் அறிவிக்கப்பட்டவற்றுக்குக் குறைந்தது 6.0 வரை ஆயுள் உண்டு. எனவே 5.2-க்குப் போகும்போது உடையப்போகும் கைவிடப்பட்ட வசதிகள் அனைத்தையும், 4.2 தன் எச்சரிக்கைகள் வழியாக இன்றே காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எச்சரிக்கைகள் ஒன்றுகூட இல்லாத நிலைக்கு 4.2-ஐக் கொண்டுவந்துவிட்டால், பதிப்பு எண்ணை மாற்றும் நாளில் மிச்சமிருப்பது சிறு வேலைதான்.

சிக்கல் என்னவென்றால், பைதான் இந்த எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் இயல்பாகவே மறைத்துவிடுகிறது. 5.1-இல் நீக்கப்படப் போகிறவற்றுக்கான எச்சரிக்கைகள் 4.2-இல் இன்னும் தாழ்ந்த வகையைச் சேர்ந்தவை. தேடிப் போனால்தான் கண்ணில் படும். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் விருப்பத்தைக் கொடுத்து, நிரலைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட்களை ஓட்டியபோதுதான் எங்களிடம் எத்தனை இடங்கள் இருந்தன என்பது தெரிந்தது. அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பயனர் பதிவேற்றும் கோப்புகளைப் பொருட்கிடங்குச் சேவை ஒன்றில் சேமிக்கும்படி எங்கள் பெரிய செயலி அமைக்கப்பட்டிருந்தது. எந்தச் சேமிப்பு முறை என்பதைச் சொல்லும் பழைய அமைப்பின் பெயர் டிஃபால்ட் ஃபைல் ஸ்டோரேஜ். 4.2-இல் அதற்குப் பதிலாக ஸ்டோரேஜஸ் என்ற புதிய அமைப்பு வந்தது, பழையது 5.1-இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட ஒன்றைப் பயன்படுத்தினால் பிழை வரும், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தனக்குத் தெரியாத அமைப்புப் பெயர்களை ஜாங்கோ கண்டுகொள்வதில்லை. பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு 5.2-ஐ ஏற்றினால் செயலி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எழும். கோப்புகள் மட்டும் பொருட்கிடங்குக்குப் போகாமல், இயல்புநிலையான சர்வரின் சொந்த வட்டில் விழும். செயலி ஓடும் தனிப்பெட்டியான கண்டெய்னர் புதிதாக மாற்றப்பட்டால் அவை அழிந்துபோகும். இதைச் சோதனைச் சூழலில் வேண்டுமென்றே செய்து பார்த்தோம்: கோப்பு ஏறியது, பக்கம் சரியாகத் தெரிந்தது, கண்டெய்னரை மாற்றியதும் கோப்பைக் காணவில்லை. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. எச்சரிக்கைகளைப் படிக்காமல் மேம்படுத்தலாம் என்று யாராவது சொல்லும்போது நான் இந்த ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். திருத்தம் என்னவோ செட்டிங்ஸ் கோப்பில் சில வரிகள்தான், அதையும் 4.2-இல் இருக்கும்போதே செய்துவிட முடியும்.

நேர மண்டல அமைப்பும் இதே வகையில் கவனிக்க வேண்டியது. யூஸ் டிஇசட் என்ற அமைப்பை வெளிப்படையாக எழுதாத திட்டங்களில், அதன் இயல்புநிலை 5.0-இலிருந்து, நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளாததிலிருந்து கொள்வதாக மாறுகிறது. ஜாங்கோ உருவாக்கித் தரும் செட்டிங்ஸ் கோப்பில் அந்த வரி இருக்கும். கையால் எழுதிய கோப்புகளில்தான் அது விடுபட்டிருக்கும். எங்கள் சிறிய செயலியின் செட்டிங்ஸ் அப்படி எழுதப்பட்டதுதான். போஸ்ட்கிரஸில் நேரங்கள் மண்டல விவரத்தோடு சேமிக்கப்படுவதால் இந்த மாற்றம் பழைய தரவைப் பாதிக்காது. ஆனால் அந்தச் சிறிய செயலி மரியாடிபி என்ற வேறொரு தரவுத்தளத்தில் ஓடியது. அங்கே உள்ளூர் நேரம் வெறும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். அமைப்பு மாறியதும் அதே எண்ணை ஜாங்கோ உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய வரிசைகள் எல்லாம் சில மணி நேரம் நகர்ந்து தெரியும், நாள் எல்லையைத் தாண்டும் பதிவுகள் தேதியே மாறி அறிக்கைகளில் வேறு நாளில் விழும். தரவை முழுமையாக மாற்றியெழுதுவது தனியே திட்டமிட வேண்டிய வேலை என்பதால், இப்போதைக்குப் பழைய மதிப்பையே செட்டிங்ஸில் வெளிப்படையாக எழுதி நிலைநிறுத்தினோம். அதற்கு ஒரே வரி போதுமாக இருந்தது. இரண்டு செயலிகளிலும், பைடிஇசட் என்ற பழைய நேர மண்டல நூலகத்தின் முறையிலான லோக்கலைஸ் அழைப்புகள் சிதறிக் கிடந்தன. 5.0-இல் பைடிஇசட் ஆதரவு முற்றிலும் போய்விட்டதாலும், அதற்குப் பதிலான ஸோன்இன்ஃபோவில் அந்த அழைப்பே இல்லாததாலும், அவற்றையும் தேடி மாற்ற வேண்டியிருந்தது.

டெஸ்ட்கள் தொடும் வழிகளில் எழும் எச்சரிக்கைகளைத்தான் டெஸ்ட்கள் காட்டும். இந்த வரம்பை நன்றாக உணர்த்தியது வெளியேறும் இணைப்பு. ஜாங்கோவோடு வரும் லாக்அவுட் பக்கத்தை வெறும் இணைப்பாக, அதாவது கெட் கோரிக்கையாக அழைப்பது 4.1-இல் கைவிடப்பட்டு 5.0-இல் நீக்கப்பட்டது. அதற்கான எச்சரிக்கை, அந்தக் கோரிக்கை உண்மையில் வந்தால் மட்டுமே எழும். வெளியேறுவதற்கு டெஸ்ட் எழுதுபவர்கள் குறைவு. பக்கத்தின் வார்ப்புருவான டெம்ப்ளேட்டில் இருக்கும் இணைப்பைச் சொடுக்கிப் பார்க்கும் டெஸ்ட் அதைவிடக் குறைவு. கவனிக்காமல் விட்டால், மேம்படுத்தலுக்கு மறுநாள் பயனர் வெளியேற நினைத்துச் சொடுக்கும்போது, இந்த வகைக் கோரிக்கைக்கு அனுமதியில்லை என்னும் 405 பிழைதான் வரும். இதை டெம்ப்ளேட்களில் தேடிப் பிடித்து, ஒவ்வோர் இணைப்பையும் போஸ்ட் கோரிக்கை அனுப்பும் சிறு படிவமாக மாற்றினோம். பார்வைக்கு அது பழைய இணைப்பைப் போலவே இருக்கும்படி ஸ்டைல் கொடுத்தோம். படிவங்களின் தோற்றத்திலும் ஒன்று உண்டு. படிவத்தை வெறும் பெயரால் மட்டும் டெம்ப்ளேட்டில் எழுதினால், முன்பு அட்டவணை வரிசைகளாக வந்தது 5.0-இலிருந்து டிவ் பகுதிகளாக வருகிறது. அட்டவணைக் குறிகளுக்குள் அப்படி எழுதிய பக்கங்கள் சிதைந்து தெரியும், டெஸ்ட்களோ பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

டெஸ்ட்கள் தொடாத வழிகளைப் பிடிக்க, நேரடிப் பயன்பாட்டில் இருந்த சர்வர்களில் ஒன்றில் மட்டும் எச்சரிக்கைகளைப் பதிவேட்டில் எழுதும்படி அமைத்தோம். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கைகள், யாரோ சிலர் மட்டும் திறக்கும் நிர்வாகப் பக்கங்கள் போன்றவை அதில்தான் சிக்கின. இதற்காகவே இந்த ஏற்பாட்டை ஒரு முழு மாதச் சுழற்சியாவது ஓட விட வேண்டும். தேதிக் கணக்கு போடும்போது இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

தரவுத்தள டேபிளை விவரிக்கும் மாடலில், பல புலங்களுக்குச் சேர்த்து இண்டெக்ஸ் கேட்கும் இண்டெக்ஸ் டுகெதர் என்ற விருப்பம் 5.1-இல் நீக்கப்பட்டது. அதை இண்டெக்ஸஸ் விருப்பத்துக்கு நகர்த்தும்போது, 4.1 முதல், தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கருவியே அதை இண்டெக்ஸின் பெயர் மாற்றமாக எழுதித் தருகிறது. பெரிய டேபிள்களில் இண்டெக்ஸை நீக்கி மறுபடி கட்டத் தேவையில்லை என்பதைச் சரிபார்த்த பிறகே ஓட்டினோம்.

பேக்கேஜ்களைப் பொறுத்தவரை, நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது இதில்தான். 5.0 வெளிவந்தபோது, பிற பேக்கேஜ் ஆசிரியர்கள் 4.2-க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஆதரவைக் கைவிடலாம் என்று ஜாங்கோ குழு பரிந்துரைத்தது. அதனால் 4.2-இல் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: 4.2, 5.2 இரண்டிலும் ஓடும் பேக்கேஜ் வெளியீடு ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். முதலில் பேக்கேஜ்களை அந்த வெளியீட்டுக்கு உயர்த்தி, 4.2-இலேயே சில காலம் ஓட்டிப் பார்க்கலாம். அப்படிச் செய்தபோது பெரும்பாலானவை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டன. கவலைக்குரியவை, பல ஆண்டுகளாக வெளியீடே காணாதவை. ஒவ்வொன்றையும் திறந்து, அதில் உண்மையில் எவ்வளவைப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்தோம். ஒரு டெம்ப்ளேட் குறிக்காக மட்டும் சேர்த்த பேக்கேஜை நீக்கி, அந்தக் குறியை நாங்களே எழுதிக்கொண்டோம். இன்னொன்றுக்கு, உரிமம் அனுமதித்ததால், மூலநிரலை எங்கள் களஞ்சியத்துக்குள் எடுத்துப் பராமரிக்கிறோம். புதிதாக ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது அதன் கடைசி வெளியீட்டுத் தேதியையும் யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் பார்ப்பது இந்த வேலைக்குப் பிறகு எங்கள் வழக்கமாகிவிட்டது.

இத்தனை மாற்றங்களையும் தனிக் கிளையில் சேர்த்துவைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மேம்படுத்தலுக்கென்று ஒரு நீண்டகாலக் கிளை தொடங்கினால், முதன்மைக் கிளை நாளுக்கு நாள் விலகிச் செல்லும். இணைப்பதே ஒரு தனி வேலையாகிவிடும். யாரோ ஒருவர் மட்டும் அதன் சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு திருத்தமும் 4.2-இலும் 5.2-இலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு, சிறு சிறு மாற்றங்களாக முதன்மைக் கிளையிலேயே சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்பில் டெஸ்ட்கள் இரண்டு பதிப்புகளிலும் ஓடின. புதிய பதிப்பின் ஓட்டம் தொடக்கத்தில் தோற்றாலும் இணைப்பைத் தடுக்காது. அது முழுவதும் பச்சையான அன்று, தோற்றால் தடுக்கும் என்று மாற்றினோம். அதன் பிறகு புதிய வசதி எழுதுகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, 5.2-க்கும் சேர்த்தே எழுதினார்கள். இடையில் உள்ள 5.0, 5.1 பதிப்புகளையும் டெஸ்ட்களில் ஓட்டிப் பார்த்தோம். எந்தப் பதிப்பில் தோல்வி தொடங்குகிறது என்று தெரிந்தால், எந்த வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பயன்பாட்டுக்கு அனுப்பியது 5.2-ஐ மட்டும்தான்.

வெளியீட்டுக் குறிப்புகளை முழுவதும் படிக்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எச்சரிக்கையே இல்லாமல் மாறுபவையும் உண்டு. கடவுச்சொற்களைக் குறியாக்கும் முறையில் 4.2-இல் 6,00,000 சுற்றுகள் இருந்தன, 5.0-இல் 7,20,000, 5.1-இல் 8,70,000, 5.2-இல் 10,00,000. பாதுகாப்புக்கு இது நல்ல மாற்றம். ஆனால் மேம்படுத்திய பிறகு ஒவ்வொரு பயனரும் முதல்முறை உள்நுழையும்போது பழைய குறியாக்கத்தைச் சரிபார்ப்பதோடு புதியதையும் கணக்கிட வேண்டியிருக்கும். எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் உள்நுழைகிற செயலியில் அந்த முதல் சில காலைகளில் சர்வரின் சுமை கூடும். இதை முன்பே அறிந்திருந்ததால், அந்த நாட்களுக்குக் கூடுதல் சர்வர் வைத்துக்கொண்டோம்.

வெளியிடும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஒரு சர்வரில் மட்டும் 5.2-ஐ ஏற்றி, பிழை விகிதத்தையும் பதிலளிக்கும் நேரத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, பிறகு மீதியை மாற்றுவது என்று முடிவு செய்திருந்தோம். அப்படியானால் சில நாட்கள் இரண்டு பதிப்புகளும் ஒரே தற்காலிக நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு பதிப்பு பிக்கிள் செய்து, அதாவது பைட்டுகளாக்கி, வைத்த மாடல் பொருளை மற்றொரு பதிப்பு எடுத்துத் திறந்தால், பதிப்பு பொருந்தவில்லை என்று ஜாங்கோ எச்சரிக்கும். சரியாக வேலை செய்யும் என்பதற்கும் உறுதி இல்லை. அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் நினைவகச் சாவிகளில் தனி முன்னொட்டு கொடுத்தோம். பின்னணியில் ஓடும் செலரி வொர்க்கர்களுக்கு மாடல் பொருளை அனுப்பாமல் அடையாள எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும் என்ற பழைய விதி உண்மையில் எல்லா இடங்களிலும் பின்பற்றப்படுகிறதா என்பதையும் அப்போது சரிபார்த்தோம். தேவைப்பட்டால் உடனே 4.2-க்குத் திரும்ப முடிய வேண்டும் என்பதற்காக, அந்த நாட்களில் தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் எதையும் அனுமதிக்கவில்லை. குறியாக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு கடவுச்சொல் பதிவோடும் சேர்ந்தே சேமிக்கப்படுவதால், திரும்பிப் போனாலும் உள்நுழைவு தடைபடாது என்பதையும் ஒத்திகையில் உறுதிசெய்துகொண்டோம்.

இந்த மாதங்களில் நிறைய யோசனைகளை மறுக்க வேண்டியும் வந்தது. பைதானை போஸ்ட்கிரஸோடு இணைக்கும் நூலகத்தின் புதிய பதிப்பான சைகாப்ஜி 3-க்குப் போகலாம், செட்டிங்ஸ் கோப்பை மறுசீரமைக்கலாம், பழைய டெம்ப்ளேட்களைப் புதிதாக எழுதலாம் என்று வந்தவை எல்லாமே நல்ல யோசனைகள். ஆதரவுக் காலம் என்ற கெடுவுக்குக் கட்டுப்பட்ட வேலையோடு, கெடு இல்லாத வேலையைச் சேர்த்துக் கட்டினால் இரண்டும் தாமதமாகும் என்பதால், அவை அனைத்தையும் தனிப் பட்டியலில் எழுதிவைத்தேன். 5.2 நிலைபெற்ற பிறகு அந்தப் பட்டியலிலிருந்து சைகாப்ஜி மாற்றத்தை முதலில் எடுத்தோம்.

இப்போது 5.2-இல் கைவிடல் எச்சரிக்கை எழுந்தால் டெஸ்ட் தோற்கும்படி அமைத்திருக்கிறோம். உடனே திருத்த முடியாதவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 6.2, 2027 ஏப்ரலில் வர இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல், 6.0-இல் நீக்கப்பட்டவற்றை இப்போதே தீர்க்கிறோம். தரவுத்தளத்தில் சேரும் மதிப்புகளுக்கு நிபந்தனை விதிக்கும் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்களில் செக் என்ற அளவுருவின் பெயர் கண்டிஷன் என்று மாறியதைத் திருத்துவது தேடி மாற்றும் வேலைதான். பழைய மைக்ரேஷன் கோப்புகளிலும் அது இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. யூஆர்எல் படிவப் புலம் அப்படி எளிதாக முடியவில்லை. முன்னொட்டு இல்லாமல் ஒருவர் முகவரியைத் தட்டினால், இதுவரை எச்டிடிபி என்று எடுத்துக்கொண்ட அந்தப் புலம், 6.0 முதல் எச்டிடிபிஎஸ் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் பயனர்கள் உள்வலையமைப்பில் இருக்கும் பழைய கருவிகளின் முகவரிகளையும் அதில் பதிகிறார்கள். அவற்றில் சில எச்டிடிபிஎஸ்-க்குப் பதிலளிப்பதே இல்லை. எந்தப் புலத்துக்கு எது சரி என்பதை நிரலாளர் தனியாக முடிவு செய்ய முடியாது என்பதால், அந்தக் கருவிகளைப் பராமரிப்பவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு படிவமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை அந்த வரி விதிவிலக்குப் பட்டியலில் என் பெயரோடு இருக்கும்.